புற்றில் கை வைத்த காலம்

மலை முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் கரம்பை என்றொரு நாடு இருந்தது. இப்போதும் இருப்பதாகத்தான் அரசாங்கம் சொல்கிறது. அங்கே பெரிய கோட்டை கிடையாது, பேர்போன போர் எதுவும் நடந்ததில்லை. பெருமையாகச் சொல்லிக்கொள்ள எங்களிடம் இருந்தது ஒரே ஒரு எறும்புப் புற்று. தலைநகரின் சந்தைத் திடலுக்கு நடுவில், முழங்கால் உயரத்துக்கு, மண்ணும் சரளைக்கல்லுமாகக் குவிந்து கிடக்கும். அதில் காளையெறும்புகள் வாழ்ந்தன.

காளையெறும்பை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் ஊர்க் கட்டெறும்பைவிட இரண்டு மடங்கு நீளம். முன்னால் நீண்ட தாடை, பின்னால் கொடுக்கு, முகத்தில் பாதி கண். மற்ற எறும்புகள் முன்னால் போனதன் வாசனையைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போகும். இது வரிசைக்கு வராது. தனியாகக் கிளம்பும், தன் கண்ணால் பார்க்கும், தானே வேட்டையாடும். நாம் அருகில் போனால் ஓடாது. நின்று, தலையைத் திருப்பி, நம்மை நிமிர்ந்து பார்க்கும். ஓர் எறும்பு நம் முகத்தைப் பார்க்கிறது என்பது முதலில் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும். வெல்கிறவரை நாடாள்வார் என்போம். அடுத்த தேர்தலுக்கு முதல் நாள் அவர் புற்றருகே சம்மணமிட்டு உட்கார்ந்து, வலது உள்ளங்கையைப் புற்றின்மேல் வைத்து, தான் செய்ததையும் செய்யாததையும் ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். கொட்டு வாங்காமல் எழுந்தால் மறுபடி தேர்தலில் நிற்கலாம். வாங்கினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கை வைக்கும் நாள் என்று அதற்குப் பெயர். எறும்புக்கு உண்மை எது, பொய் எது என்று தெரியும் என்றெல்லாம் நாங்கள் நம்பவில்லை. அவ்வளவு ஏமாளிகள் இல்லை. அசையாத கையை அது கல் என்று எண்ணிக் கடந்து போகும், நடுங்குகிற கையைக் கொட்டும். பொய் சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் கை நடுங்கும். எங்கள் அரசியல் சாசனம் மொத்தமும் அவ்வளவுதான்.

அந்த நாள் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. வேகவைத்த கடலையின் ஆவி திடல் முழுக்கப் பரவியிருக்கும். மாடுகளின் கழுத்துமணியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அவ்வளவு பெரிய கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒருமுறை அரியநாச்சி என்ற நாடாள்வார் கையை வைத்துவிட்டு, “கால்வாய் வெட்டுறேன்னு சொன்னேன். வெட்டல. காசும் இருந்துச்சு, ஆளும் இருந்துச்சு. எனக்குத்தான் சோம்பல்” என்றார். ஓர் எறும்பு அவர் விரலில் ஏறி, நின்று, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். மறுநாள் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தோம். அடுத்த மாதமே கால்வாயை வெட்டினார்.

அரியநாச்சிக்குப் பின் வந்தவர் கொட்டு வாங்கினார். அவர் கை ஊறவைத்த அப்பம் போல உப்பிப்போனது. அந்தக் கையைப் பிடித்து எழுப்பிவிட்டவர் கொற்றவாணர். மேற்கே ஓர் ஏரி வெட்டித் தருவேன் என்று வாக்குக் கொடுத்து, அடுத்த நாடாள்வார் ஆனவரும் அவர்தான். ஆட்சிக்கு வந்த நாளிலிருந்து அவர் கண்ணில் நின்றது ஏரியாக இருக்காது, அந்த வீங்கிய கையாகத்தான் இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

அவருடைய முதல் ஆணை இப்படி இருந்தது: “வெயிலிலும் மழையிலும் பாதுகாப்பின்றிக் கிடக்கும் நம் எறும்புகளை எண்ணி நாடாள்வார் மிகவும் வருந்துகிறார். அவற்றை அரசே பொறுப்பேற்றுப் பாதுகாக்கும்.” நாங்கள் கைதட்டினோம். பாதுகாப்பு வேண்டாம் என்று யார் சொல்வது?

எறும்புகளைப் பராமரிக்க அஞ்சுகம் என்ற பெண்மணியை நியமித்தார்கள். அவர் கடல் கடந்து போய் எறும்பு வளர்ப்பு படித்துத் திரும்பியவர், கண்ணாடிக் குழாய்களில் கருப்பெறும்புக் கூட்டங்களை வளர்த்தவர். சிறுமியாக இருந்தபோது ஒவ்வொரு கை வைக்கும் நாளிலும் முதல் வரிசையில் குப்புறப் படுத்துக்கொண்டு புற்றையே பார்த்திருப்பார். எறும்பென்றால் அவருக்கு அப்படியொரு ஆசை. அந்த ஆசைதான் அவரை அரண்மனைக்குள் கூட்டிப்போனது.

புற்றைத் தோண்டி எடுத்தார்கள். அரண்மனைக் கூடத்தில் கண்ணாடி வீடு தயாராக இருந்தது. கீழே சுண்ணச்சாந்தில் குடைந்த அறைகள், மேலே மண் பரப்பிய முற்றம். முற்றத்தின் விளிம்பில் வழவழப்பான வெள்ளைப் பொடியைப் பூசியிருந்தார்கள். ஏறுகிற எறும்பு வழுக்கி உள்ளேயே விழும். சிறை போல இருக்கிறதே என்று யாரோ கேட்டதற்கு, காப்புத்துறை அமைச்சர் ஏனாதி பொறுமையாக விளக்கம் தந்தார். “எந்த எறும்பையும் நாம் தடுக்கவில்லை. ஏற விரும்புகிற எறும்பு தாராளமாக ஏறலாம். கால் நிற்கவில்லை என்றால் அது காலின் குறை.”

அடுத்து, கண்ணாடிக்கு வெளியே சிவப்புத் தகடு ஒட்டினார்கள். எறும்புக்குச் சிவப்பு தெரியாது, சிவப்பு வெளிச்சத்தை அது இருட்டு என்றே எண்ணும். எறும்புகள் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் அஞ்சுகம் அதைச் சொன்னார், எறும்பு வளர்க்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அதற்குப் பிறகு அவை எங்களைப் பார்க்கவில்லை. தூரத்தில் கயிறு கட்டி எங்களை நிறுத்தியதால் நாங்களும் அவற்றைச் சரியாகப் பார்க்கவில்லை. அதற்கும் கைதட்டினோம்.

பிறகு, வேட்டையாடி அலைவது நம் எறும்புகளின் தகுதிக்கு ஏற்றதல்ல என்று ஆணை வந்தது. நாள்தோறும் பஞ்சில் நனைத்த சர்க்கரைத் தண்ணீர் வைத்தார்கள். அதே வாரம் ரேஷன் கடையில் எங்களுக்கும் ஆளுக்கொரு படி சர்க்கரை இலவசமாகக் கிடைத்தது. மேற்கே ஏரி வரவில்லை. ஒரு முழ உயரத்துக்குக் கரை போட்டு, கல்வெட்டு நட்டு, திறப்புவிழாவும் நடத்திவிட்டுப் போயிருந்தார்கள். கிணறுகள் வற்றின. கேட்கப் போனவர்களிடம், எதுவானாலும் எறும்புகளிடம் சொல்லுங்கள் என்று சொல்லி, கண்ணாடி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மனுப்பெட்டியை மாட்டினார்கள். கிணறு வற்றியவர்கள் சர்க்கரையை எதில் கரைப்பது என்று எழுதிப் போட்டார்கள்.

இதற்குப் பிறகு வந்ததுதான் அழிவை முழுமையாக்கிய ஆணை. அரசி எறும்பு கூலிக்கார எறும்புகளோடு ஒரே அறையில் புழங்குவது மரபுக்கு இழுக்கு என்று ஏனாதி கண்டுபிடித்தார். அரசிக்குத் தனி மாளிகை வேண்டும் என்றார். அஞ்சுகம் தயங்கினார். ஆனால் அவர் படித்த பாடத்தில், கருப்பெறும்பு அரசியைக் குழாயில் தனியாக அடைத்துவைத்தால் மாதக்கணக்கில் சாப்பாடே இல்லாமல் உயிரோடு இருக்கும். அந்தத் தைரியத்தில் சம்மதித்தார். அரசியைத் தந்தத்தாலான குழாயில் இட்டு, பட்டுத் துணியால் வாயை அடைத்து, பீடத்தில் வைத்தார்கள்.

சில வாரம் கழித்துத் திறந்தபோது அரசி செத்துக் கிடந்தது. காய்ந்த விதை போல இலேசாக இருந்ததாம். அதைக் கையில் எடுத்த பிறகுதான் அஞ்சுகத்துக்குச் சிறுமியாக இருந்தபோது பார்த்தது நினைவுக்கு வந்தது. முதல் மழை முடிந்து, இறக்கை உதிர்த்த ஓர் இளம் அரசி, சந்தைத் திடலின் ஓரத்தில், பட்டப்பகலில், தன்னந்தனியாக ஒரு பச்சைப்புழுவை இழுத்துக்கொண்டு போனது. காளையெறும்பு அரசி உட்கார்ந்து தின்கிற ஜாதி இல்லை. புதுப்புற்று போடும்போது அதுவே வெளியில் போய் வேட்டையாடித்தான் முதல் குஞ்சுகளை வளர்க்கும். அதைக் கண்ணால் பார்த்திருந்தும், வேறோர் எறும்பைப் பற்றிய பாடத்தை நம்பியிருக்கிறார். குழாயை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார் என்று அரண்மனையில் வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அமைச்சரிடம் போய்ச் சொன்னார். “துக்கச் செய்தியை அறிவிக்கும் வழக்கம் இந்த ஆட்சியில் இல்லை” என்றார் ஏனாதி. தந்தக் குழாய் மூடியபடியே பீடத்துக்குத் திரும்பியது. நாங்கள் கயிற்றுக்கு இப்பால் நின்று அதை வணங்கிவிட்டு வந்தோம்.

கொஞ்ச நாளில் கண்ணாடி வீட்டுக்குள் ஓர் அதிசயம் நடந்தது. இறக்கை முளைத்த எறும்புகள் பிறந்தன. ஒன்றிரண்டு இல்லை, பிறந்ததெல்லாம் இறக்கையோடு பிறந்தன. அரண்மனை முரசறைந்தது. தரையில் ஊர்ந்த நம் எறும்புகள் இந்த ஆட்சியில் பறக்கத் தொடங்கிவிட்டன என்று ஊரெங்கும் தோரணம் கட்டினார்கள். நாங்கள் கை வலிக்கத் தட்டினோம்.

அதன் பொருள் அஞ்சுகம் ஒருவருக்குத்தான் தெரியும். அரசி இல்லாத புற்றில் வேலைக்கார எறும்புகள் தாமே முட்டையிடும். அந்த முட்டைகளிலிருந்து ஆண் மட்டுமே பிறக்கும். ஆணுக்கு இறக்கை உண்டு, கொடுக்கு கிடையாது. தோண்டத் தெரியாது, வேட்டையாடத் தெரியாது. இறக்கை மட்டுமே பிறக்கிறது என்றால் அந்தப் புற்றின் கதை முடிந்தது என்று பொருள். வேலைக்கார எறும்புகள் ஒவ்வொன்றாகச் செத்தன. அவற்றை அஞ்சுகமே பொறுக்கி எடுத்து அரண்மனைத் தோட்டத்தில் புதைத்தார்.

கை வைக்கும் நாள் வந்தது. கண்ணாடி வீட்டைச் சந்தைத் திடலுக்குத் தூக்கி வந்தார்கள். அன்றைக்கு அஞ்சுகம் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொற்றவாணர் வீட்டுக்குப் போயிருப்பார். சம்பிரதாயப்படி, கூட்டத்துக்கு முன்னால் ஏனாதி அவரைக் கேட்டார். “காப்பாளர் அவர்களே, இவை நம் எறும்புகள்தானா?”

அஞ்சுகம் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். நான் முன்வரிசையில் இருந்தேன். அந்தக் கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. அதன் கீழே புற்று இல்லை.

“நம் எறும்புகள்தான்” என்றார்.

கொற்றவாணர் கண்ணாடி வீட்டுக்குள் கையை விட்டார். ஏரி வெட்டியதாகச் சொன்னார். கிணறுகள் ததும்புவதாகச் சொன்னார். அவர் கையும் நடுங்கத்தான் செய்தது, ஆனால் இறக்கை எறும்புகள் அதன்மேல் ஏறி, இறக்கையைக் கோதிவிட்டு, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தன. சந்தைத் திடலில் ஆனந்தக் கண்ணீர் பெருகியது. மேற்கிலிருந்து வந்தவர்கள்கூட, தங்கள் கிணற்றில்தான் ஏதோ கோளாறு என்று பேசிக்கொண்டே திரும்பினார்கள். அன்று மாலையே ஆணை வெளியானது. எறும்புகள் நாடாள்வாரை ஏற்றுக்கொண்டுவிட்டதால், அவை மறுப்புத் தெரிவிக்கும்வரை தேர்தல் தேவையில்லை.

ஆண் எறும்புகளுக்கு ஆயுள் சில வாரங்கள். பிறகு அந்தச் சிவப்புக் கண்ணாடிக்குள் எதுவும் இல்லை. சர்க்கரைத் தண்ணீர் மட்டும் தினமும் வைத்தார்கள், அது தினமும் காய்ந்தது. தேர்தல் போனாலும் கை வைக்கும் நாளை இப்போது ஆண்டுதோறும் நடத்தினார்கள். கொற்றவாணர் வெறும் பெட்டிக்குள் கையை விட்டு, வீங்காத கையை உயர்த்திக் காட்டினார். அஞ்சுகம் வேலையை விட்டுவிட்டு மேற்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அங்கேதான், அந்த முழ உயரக் கரையில், கல்வெட்டின் நிழலில், அவர் அதைப் பார்த்திருக்கிறார். சந்தைப் புற்றைத் தோண்டுவதற்கு முன் பெய்த மழையில் பறந்துபோன ஏதோ ஓர் இளம் அரசி, யாரும் பாதுகாக்காத அந்த மண்ணில் இறங்கி, தானே வேட்டையாடி, ஒரு புற்றைப் போட்டிருந்தது. ஓர் எறும்பு வெளியில் வந்து, நின்று, தலையைத் திருப்பி அவரை நிமிர்ந்து பார்த்தது. எத்தனை காலமாயிற்று அப்படி ஒரு பார்வையைப் பார்த்து. அஞ்சுகம் அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்து புற்றின்மேல் கையை வைத்தார்.

“நம்ம எறும்புதான்னு சொன்னேன்” என்றார். வேறு யாரும் அங்கே இல்லை. “ராணி செத்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்.”

சொன்னது உண்மைதான். ஆனால் கை நடுங்கிவிட்டது. எறும்புக்கு அவ்வளவுதான் தெரியும். நன்றாகக் கொட்டியது.

வலி தோள்வரை ஏறியதாக அவரே என்னிடம் சொன்னார். நான் மேற்கே போனபோது கரையோரம் ஒரு குடிசையில் இருந்தார். “என்னம்மா, ரொம்ப வலிச்சுதா?” என்று கேட்டேன். “வலிச்சுது. அழுதுட்டேன். அப்புறம் ராத்திரி நல்லாத் தூங்கினேன்” என்றார். பிறகு புற்றிருக்கும் பக்கத்தைக் கண்ணால் காட்டினார். நானும் போய் உட்கார்ந்தேன். எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. அன்று முன்வரிசையில் அந்த நடுக்கத்தைப் பார்த்த பிறகும் கைதட்டியவன் நான்.

பேச்சு மெல்லப் பரவியது. ஆட்கள் வந்தார்கள். வரிசையாக இல்லை, ஒவ்வொருவராக, தனித்தனியாக. கடலை விற்கிறவர் வந்தார், முரசறைந்தவர் வந்தார், தோரணம் கட்டியவர்கள் வந்தார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வீங்கிய கையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு திரும்பினார்கள். எங்கிருந்தோ வேகவைத்த கடலையின் ஆவி வந்தது. எனக்குப் பழைய திடல் திரும்பி வந்ததுபோல இருந்தது.

நாட்டில் பலருக்கு வலது கை வீங்கியிருப்பது அரசின் கவனத்துக்குப் போக வெகுநாள் ஆகவில்லை. எல்லோரையும் சந்தைத் திடலுக்கு வரச் சொன்னார்கள். ஏனாதி மேடையேறி ஆணையைப் படித்தார். “வெயிலிலும் மழையிலும் பாதுகாப்பின்றிக் கிடக்கும் நம் மக்களின் கைகளை எண்ணி நாடாள்வார் மிகவும் வருந்துகிறார். அவற்றை அரசே பொறுப்பேற்றுப் பாதுகாக்கும்.”

படித்துவிட்டு, வழக்கம்போல அவர் நிறுத்திக் காத்திருந்தார். கூட்டத்தில் சத்தமே இல்லை. எங்களுக்குக் கோபம் வந்துவிட்டது என்று அவர் நினைத்திருக்கலாம். வீங்கிய கையை வைத்துக்கொண்டு யாராலும் கைதட்ட முடியாது, அவ்வளவுதான். நின்று, தலையைத் திருப்பி, அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.