எக்ஸ்ரேக்குப் போகாத மடு மண்

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல வருடமாக மனதோடு சண்டை பிடித்துவிட்டேன். பக்தியைப் பகிடி பண்ணுகிறேன் என்று யாரும் நினைக்கக்கூடாது; நானும் நாள் தவறாமல் செபமாலை சொல்கிறவன்தான். ஆனால் எங்கள் கோயிலடியில் இந்தக் கதை ஆளுக்கொரு விதமாக வளர்கிறது. கூடப் போனவன் நான் ஒருவன்தான்.

இந்த ஒஸ்ரேலியக் கண்டத்திலேயே கிலோமீற்றரை நம்பாத ஒரே மனிதர் நோபல் பார்க்கில் இருக்கும் எங்கள் செபமாலை அண்ணை. தூரமெல்லாம் அவருக்குச் செபமாலைக் கணக்கு. டண்டினோங் சந்தைக்கு அரைச் செபமாலை. கிரெய்கிபர்னுக்கு மூன்று, றோட்டில் நெரிசல் என்றால் மன்றாட்டும் சேரும். காரில் ஏறினால் முதலில் மாதா சுரூபத்துக்கு பெல்ற் போடுவார். பிறகுதான் தனக்கு.

கண்டத்தின் மறுகரையில், பேர்த்தில், அவர் மகள் வீட்டுப் பின்வளவில் பாம்பு வந்தது. மருமகனுக்கு எங்கேயோ தூரத்துச் சுரங்கத்தில் வேலை. மகள் பயந்து பின்கதவைப் பூட்டிவிட்டாள். சின்னப் பேத்தி அன்றிலிருந்து வீட்டுக்குள் அடைபட்டிருந்தாள். அண்ணையிடம் மருந்து இருந்தது: ஒரு போத்தலில் மடு மாதா கோயில் மண். அதைத் தூவிய இடத்தில் பாம்பு தீண்டாது என்பது மன்னார்ப் பக்கத்து ஆட்களான எங்கள் நம்பிக்கை. வெளிநாட்டு மண்ணுக்குத் தடையுள்ள இந்த நாட்டுக்குள் அது எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்ற பயம்.

"பிளேனில போனா ஒரே பறப்பு அண்ணை."

"மாதான்ர மண்ணை எக்ஸ்ரே மிசினுக்குள்ள விடச் சொல்லுறீரோ தம்பி?"

இப்படித்தான் ஒரு போத்தல் மண்ணுக்காக இரண்டு பேர் பாலைவனத்துக்குக் குறுக்கே காரோட்டினோம். அந்தப் பழைய நெடுஞ்சாலையில் மரமும் இல்லை, வளைவும் இல்லை. ஸ்ரியரிங்கைத் திருப்ப வேண்டிய தேவையே வராததால் எனக்குக் கை மறந்துபோனது.

அங்கேதான் இன்னொன்று தெரிந்தது. பாம்பென்றால் அண்ணைக்கு உயிரே போய்விடும். வண்டியை எங்கே நிற்பாட்டினாலும் நான் முதலில் இறங்கி நிலத்தை உதைத்துக் காட்டவேண்டும்.

"கையில மண் இருக்கெல்லோ அண்ணை?"

"அது பேத்திக்கு. எனக்கில்லை."

மேற்கு மாநில எல்லையில் சோதனைச்சாவடி. பழம் கொண்டுபோகக்கூடாது என்று பலகை போட்டிருந்ததால், மிச்சமிருந்த வாழைப்பழச் சீப்பை இரண்டு பேரும் முக்கி முக்கித் தின்று முடித்திருந்தோம். ஒபிசர் பெண் குனிந்து கேட்டாள்: பழம், தேன், செடி, மண்?

நான் அண்ணையின் காலை மிதித்தேன். பயனில்லை.

"யெஸ். சொயில். ஹோலி சொயில். நோ ஸ்னேக்."

அவள் பாவம், இங்கே பாம்பில்லையா என்று கேட்கிறார் என நினைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, போன கிழமைகூட இந்தக் கொட்டிலுக்குக் கீழே ஒரு பாம்பு படுத்திருந்தது என்றாள். அண்ணை இரண்டு காலையும் சீற்றுக்கு மேலே தூக்கிவிட்டார்.

மண்ணை விடமுடியாது, சட்டம் சட்டம்தான் என்று பறித்த பழங்கள் போடும் தொட்டியைக் காட்டினாள். அழுகின மாங்காயோடு போடமாட்டன் என்று அண்ணை நின்றார். அவள் உள்ளே போய்ப் புதுப் பை ஒன்று கொண்டுவந்தாள். அண்ணை இறங்கி முழங்காலில் நின்று, சிலுவை போட்டு, போத்தலை அதற்குள் வைத்து அவளிடம் கொடுத்தார். பின்னால் நின்ற லொறிக்காரன் பக்தியில் தொப்பி கழற்றினான் என்று கோயிலடியில் சொல்கிறார்கள். தலை சொறியத்தான் கழற்றினான். நான் பார்த்தேன்.

பேர்த்தில் வீட்டு வாசலிலேயே மகள் ஏசினாள். "பொக்கெற்றுக்குள்ள வச்சிருந்தா ஆரப்பா பார்க்கிறது?"

"மாதான்ர மண்ணுக்குப் பொய் சொல்லுறதோ பிள்ளை?"

அடுத்த நாள் காலை அண்ணை களுசான் கால்களைக் காலுறைக்குள் செருகி, மருமகனின் பூட்சைப் போட்டுக்கொண்டு பின்கதவைத் திறந்தார். இடுப்பளவு புல். அருள்நிறை மந்திரத்தைப் பாம்புக்குக் கேட்கிற மாதிரிக் கத்திச் சொல்லிக்கொண்டே வெட்டினார். வேலி ஓட்டைக்கெல்லாம் சீமெந்து பூசினார். ஒரு ஓணான் ஓடியதற்குக் கதிரையில் ஏறி நின்றார். பிறகு இறங்கி வந்து விட்ட இடத்திலிருந்து வெட்டினார்.

"பயமில்லையோ அண்ணை?"

"பயந்தான் தம்பி. பிள்ளை விளையாடுற இடமெல்லோ."

பின்னேரம் பேத்தி வளவுக்குள் பந்தோடு ஓடினாள். அண்ணை இரண்டு காலையும் கதிரைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்.

இதை யாருக்கும் சொல்வதானால் நடந்தபடியே சொல்லுங்கள். மாதாவின் கையில் பாம்பு பெட்டிப்பாம்பானது, ஒபிசர் பெண் மனம் மாறினாள் என்றெல்லாம் சேர்க்கவேண்டாம். அண்ணை பயந்தவர் என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.