வண்டிநாடிச் சித்தரும் மஞ்சள் துணியும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே அபிராமபுரத்தில் தெருவை அடைத்துக்கொண்டு எழுபது கார்கள் நின்றன. சர்வீஸுக்கு அல்ல, ஜாதகத்துக்கு.

மனிதர்களுக்குக் கை பார்த்துச் சலித்துப்போன ஊரில், வண்டிகளுக்கு நாடி பார்க்க ஒருவர் அவதரித்திருந்தார். வண்டிநாடிச் சித்தர். பானெட்டில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினால் போதும். வண்டி பிறந்த ஆண்டு, எத்தனை கை மாறியது, உடையவர் பெயரின் முதல் எழுத்து, எல்லாம் வாயில் வரும். முதல் எழுத்து மட்டும்தான். முழுப்பெயரைச் சொன்னால் தேவ ரகசியம் கெட்டுவிடுமாம். நம்பர் பலகையைப் பார்த்துச் சொல்கிறார் என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசக் கூடாது அல்லவா? அதற்காக, வண்டி உள்ளே நுழையும் முன்பே பலகையை மஞ்சள் துணியால் மூடிவிடுவார்கள். அத்தனை நேர்மை. அந்த நம்பரை டோக்கன் சீட்டில் நாமே எழுதிக் கொடுத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். பக்தர்கள் வரிசையைப் பார்ப்பார்களா, இதையெல்லாம் பார்ப்பார்களா?

வரிசையில் அய்யாதுரையின் சிவப்பு வண்டியும் நின்றது. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. வண்டிக்குப் பதினெட்டு. அடையாறில் ஒரு பல் டாக்டரிடம் வாங்கிய பந்தய ஜாதி. இரண்டே கதவு, தரையைத் தடவும் வயிறு. ஒவ்வொரு வேகத்தடையிலும் மனைவி இறங்கி நடந்து, தாண்டியதும் மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். பின்விளக்கு ஒன்று உடைந்தால் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் மூன்று வாரம் அலைய வேண்டும். ஆனாலும் விடிகாலையில் கடற்கரைச் சாலையில் அந்த எஞ்சின் ஓர் உறுமல் உறுமினால், முப்பது வருஷம் துணி கிழித்த களைப்பு அய்யாதுரைக்குப் பறந்துவிடும்.

இரண்டு மாதமாக வண்டி கொதிக்கிறது. கடையிலிருந்து லஸ் முனை வருவதற்குள் சூட்டுமானி முள் சிவப்பைத் தொட்டுவிடும். மனைவி சண்முகவடிவு முடிவாகச் சொல்லிவிட்டார். வண்டி அவர் பெயரில் இருக்கிறது. சித்தர் வைத்துக்கொள் என்றால் வைத்துக்கொள்வது, கைவிடு என்றால் அங்கேயே சாவியைக் கொடுத்துவிடுவது. கைவிடப்பட்ட வண்டிகளை வாங்கிக்கொள்ள வாசலிலேயே ஒரு விமோசன ஆசாமி நிற்பார். பழைய இரும்பு விலைக்குத் தோஷத்தையும் சேர்த்துச் சுமந்து போகும் தியாகி. நல்ல நல்ல வண்டிகளுக்கே தோஷம் பிடித்தது தற்செயல்.

வழியில் கொதித்தால் தண்ணீர் ஊற்ற, மந்தைவெளி மெக்கானிக் பவுல்சாமி கூட வந்திருந்தார். சாந்தோமில் ஞாயிறு பூசையை விட்டுவிட்டு வந்த எரிச்சல் அவருக்கு.

"அண்ணாச்சி, ரெண்டு மாசமா கூவிக்கினு கீறேன். முன்னாடி கிரில்லுக்குள்ள ரட்சை மூட்டைன்னு ஒண்ண சொருகி வச்சிகிறீங்களே, அத எடுங்க. ரேடியேட்டருக்குக் காத்தே போவல."

"சும்மா இரும்வே. அவ காதுல விழுந்திரப் போவுது."

விழுந்துவிட்டது.

"அது சித்தர் மந்திரிச்சுக் கொடுத்துவிட்ட ரட்சை," என்றார் சண்முகவடிவு. "மூணு தேங்கா, வேப்பிலை, பட்டுத்துணி. அது இருக்கப்போய்த்தான் வண்டி கொதிக்கிறதோட நிக்கிது. இல்லன்னா வெடிச்சிருக்கும்."

இந்த வாதத்துக்கு மறுமொழி எந்தப் பல்கலைக்கழகத்திலும் சொல்லித் தருவதில்லை. பவுல்சாமி பேனாவை வாங்கிக்கொண்டு, "சரிம்மா, டோக்கன் சீட்ட நான் எழுதிக் குடுக்கிறேன்," என்றார். எழுதும் முன் பக்கத்துச் சந்துக்குள் ஒரு நடை போய் வந்தார். டீ குடிக்கப் போனார் என்று அய்யாதுரை நினைத்துக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து, மஞ்சள் துணி கட்டிக்கொண்டு சிவப்பு வண்டி உள்ளே போனது. திரைக்குப் பின்னாலிருந்து திருநீற்றுத் தட்டு வந்தது. சித்தர் தட்டை உற்று நோக்கினார், நெற்றியில் பூசினார். கை பானெட்டில் படிந்தது. கண் மூடியது, மைக் திறந்தது.

"உடையவர் பேரு... ச."

சண்முகவடிவுக்குப் புல்லரித்தது. "ஆமா சாமி, எம் பேர்லதான்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பொறந்து ஆறு வருஷம்."

"பதினெட்டு சாமி," என்றார் அய்யாதுரை.

"நான் சொல்றது ஆத்மா வயசு. டீசல் குடிக்கிற உடம்பு."

"பெட்ரோல் வண்டியில்லா சாமி?"

"போன ஜென்மத்துல டீசல்."

முன்வரிசை தலையை ஆட்டியது. போன ஜென்மத்தில் டீசல் போட்டதற்கு யார் பில் கேட்கப் போகிறார்கள்?

"இன்சூரன்ஸ் முடிஞ்சு ஒன்றரை வருஷம். போலீஸ் அபராதம் பதினொண்ணு கட்டாம கெடக்குது." குரல் ஏறியது. "தோஷம் வண்டியில இல்ல, உடையவங்ககிட்ட. ஊரை ஏமாத்திப் பொழைக்கிற பாவியோட வண்டி கொதிக்காம என்ன செய்யும்? கைவிடு. சாவியக் கொடு."

விமோசன ஆசாமி கையை நீட்டினார். அய்யாதுரை சாவியை எடுத்தார். எடுத்த கை கொடுக்க மறுத்தது.

"யாரு பாவி?" என்றார் சண்முகவடிவு. "போன மாசம்தான் இன்சூரன்ஸ் கட்டினேன். முப்பது வருஷத்துல ஒரு மீட்டர் துணியில ஒரு விரக்கடை குறைச்சதில்ல. நானா ஊர ஏமாத்துதேன்?"

"நாடி பொய் சொல்லாதும்மா."

"சொல்லல சாமி," என்றார் பவுல்சாமி. "உங்க ஆளும் கரீட்டாத்தான் எழுதிக் குடுத்துகிறாரு. நான்தான் சீட்டுல வேற நம்பர எழுதிட்டேன். சந்துல ஒரு வெள்ளை வண்டி நிக்கிதே, டீசலு, அதோட நம்பரு. அது யாருதுன்னு தெரியுமா சாமி?"

மைக் கீச்சிட, சித்தரின் கை திருநீற்றுத் தட்டை மறைக்கப் போனது.

சண்முகவடிவு திருநீற்றுத் தட்டைப் பிடுங்கிக் கவிழ்த்தார். திருநீற்றோடு ஒரு துண்டுச் சீட்டும் விழுந்தது. ச என்று ஓர் எழுத்து, பக்கத்தில் வரிசையாக நட்சத்திரக் குறிகள், கீழே ஆறு வருஷம், டீசல், பதினொரு அபராதம்.

"போன்ல நம்பரத் தட்டினா இப்டித்தாம்மா வரும்," என்றார் பவுல்சாமி. "பேர மறைச்சு மொத எழுத்த மட்டும் காட்டும். சாமிக்கும் அதுக்கு மேல தெரியல."

திரைக்குப் பின்னால் கைபேசியோடு இருந்த ஆள் போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். முதலாளியின் வண்டி நம்பர் தெரியாது. வந்ததை எழுதினார். யோசிக்கிறவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

சித்தர் பின்வாசல் வழியாகப் பாய்ந்து அந்த வெள்ளை வண்டியிலேயே ஏறினார். சாட்சிக் கூண்டில் தானே ஏறி உட்கார்ந்த குற்றவாளி. ஆனால் சந்து முனையைத் தாண்ட முடியவில்லை. அவருக்காகத் தெருவை அடைத்து நின்ற எழுபது கார்கள் வழிவிடவில்லை. ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். "நம்ம பழைய வண்டி புரோக்கர் சக்திவேலு இல்ல?" என்று கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார் சந்து முனை டீக்கடைக்காரர்.

சண்முகவடிவு சிவப்பு வண்டியின் முன்னால் குந்தி, தலையணை பருமன் இருந்த ரட்சை மூட்டையைத் தன் கையாலேயே உருவி எறிந்தார். "தேங்கா நல்லாத்தான் இருக்கு, சட்னிக்கு ஆவும்," என்று பிறகு எடுத்தும் வைத்துக்கொண்டார். சாவி அய்யாதுரையின் பைக்குள் திரும்பிப் போனது.

கூட்டம் கலையவில்லை. பவுல்சாமியைச் சூழ்ந்துகொண்டது. ஒருவர் அந்த மஞ்சள் துணியை அவர் தோளில் பயபக்தியோடு போர்த்தினார்.

"ஐயா, எங்க வண்டிக்கும் நாடி பாத்துச் சொல்லுங்க."

பவுல்சாமி துணியை உருவிக் கை கிரீஸைத் துடைத்துக்கொண்டார்.

"பானெட்டத் தொறந்து பாருங்க, தெரியும். அப்டியே அப்பப்ப உங்க தலையையும் தொறந்து பாருங்க. அதுக்கு டோக்கன் கெடையாது."