பிரேக் சாமியாரின் நீல எண்ணெய்

பஸ் நிலையத்துக்குப் பின்னால் கிழட்டு வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பிரேக் சாமியார் வந்திருந்தார்! பானெட்டில் காதை வைத்தால் போதும், வண்டியே அவரிடம் தன் குறையைச் சொல்லி அழும். எந்தக் குறைக்கும் அவர் ஓதிக் கொடுப்பது ஒரே நீல எண்ணெய்தான். ஆயிரம் வியாதிக்கு ஒரே மருந்து கொடுப்பவரை நம் ஜனங்கள் நம்பாமல் வேறு யாரை நம்புவார்கள்?

பள்ளிக்கூட வேன்காரர் எல்லாருக்கும் முன்னால் வந்து இடம் பிடித்திருந்தார். பள்ளிக்கூடம் செங்குத்தான சரிவின் அடியில் இருந்தது. வேனுக்கோ வயசாகிவிட்டது. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம், பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நினைத்து அவருக்குப் பயம் வந்துவிடும். அந்தப் பயத்தில்தான் சாமியாரின் பிழைப்பு ஓடியது.

"பழைய ஆத்மா. கடையில விக்கிறதெல்லாம் இதுக்குச் சேராது," என்றார் சாமியார், கண்ணை மூடியபடி.

"ஊத்திடுங்க சாமி!"

"கொஞ்சம் பொறுங்க," என்று வேனிலிருந்து இறங்கினாள் வேன்காரரின் மனைவி. கையில் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள். "பிரேக்குக்குள்ள இருக்குற ரப்பர் இது. ஒண்ணை, பக்கத்து வீட்டு அண்ணன் இவர்கிட்ட வாங்கின எண்ணெயில போட்டு வச்சேன். இன்னொண்ணை, நம்ம வேன்ல பிரேக் டப்பா மூடியில எழுதியிருக்கிற பிரேக் ஃப்ளூயிடுல போட்டேன். பாருங்க."

ஃப்ளூயிடில் கிடந்த ரப்பர் போட்டபடியே இருந்தது. நீல எண்ணெயில் கிடந்ததோ, பல்வலிக்காரன் கன்னம் மாதிரி உப்பியிருந்தது.

"இப்படி வீங்கினா பிரேக் எப்படிங்க பிடிக்கும்?"

"நம்பிக்கை இல்லாதவங்க கை பட்டா அப்படித்தாம்மா ஆகும்."

"ரெண்டையும் தொட்டது இதே கைதானே சாமி? சரி, உங்க கையாலயே உங்க கார்ல ஊத்தி, அந்தச் சரிவுல ஒரு தடவை இறங்கிக் காட்டுங்க."

கூட்டம் திரும்பிக் காரைப் பார்த்தது. பளபளவென்று நின்றது கார். சாமியாரின் டிரைவர் பதறியடித்து அதன் குறுக்கே விழுந்தார்.

"ஐயையோ! இதுக்குக் கம்பெனி சொன்னதைத்தான் ஊத்தணும்!"

சாமியார் நீல எண்ணெயை வாரி எடுத்துக்கொண்டு காருக்குள் பாய்ந்தார். கார் வேகமாகக் கிளம்பியது.

வேன்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "நாளைக்குப் பிள்ளைங்களை ஏத்தியிருப்பேனே!"

"அந்த மூடியை எத்தனை தடவை திறந்திருப்பீங்க? ஒரு தடவை படிச்சிருக்கலாம்ல?"

கூட்டத்திலிருந்து ஒருவர் மெதுவாக அவளை நெருங்கினார். "ஏம்மா, ஸ்டியரிங்குக்கு யாராவது நல்ல சாமியார் இருக்காரா?"

"பிரேக்கு வண்டிக்கு வேணும்ண்ணே. யோசிக்கிறதுக்கு எதுக்கு?"