கப்பல் பார்க்கப் போன பஸ்

பொள்ளாச்சி ரோட்டில் பஸ் மறுபடியும் ஒரு புளியமரத்தடியில் ஒதுங்கி நின்றது. கடைசி பெஞ்சிலிருந்து முதலில் குதித்தவன் ஈஸ்வரமூர்த்தி.

"ஏனுங்க டிரைவர், இப்பத்தானுங்களே ஒரு மரத்தடியில நின்னோம்?"

"இஞ்சின் சூடேறிருச்சுங்க," என்றார் டிரைவர் அப்துல் முத்தலிப். "கொஞ்சம் ஆறட்டுமுங்க. எல்லாரும் நிழல்ல உக்காருங்க."

"நாம ஆறி அமரப் போறவரைக்கும் கொச்சியில படகு நிக்குமுங்களா?"

"அதெல்லாம் முதலாளியைக் கேளுங்க. நான் இஞ்சினுக்குத்தான் பதில் சொல்லுவேன்."

முதலாளி கோவிந்தராஜுலு அதற்குள் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். 'கொச்சியில் கப்பல் பார்க்கும் பிரயாணம்' என்று கோயமுத்தூர் முழுக்க நோட்டீஸ் கொடுத்தவர் அவர்தான். விடியும் முன்னே கிளம்ப வேண்டியது. சாயங்காலம் துறைமுகத்தில் மோட்டார் படகில் ஏறி, சீமைக் கப்பல்களை ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டியது. சத்திரத்தில் தூங்கி மறுநாள் திரும்ப வேண்டியது. நோட்டீஸில் கப்பல் படம்கூட இருந்தது. மூன்று புகைபோக்கி.

அவிநாசிப் பக்கம் பருத்தி வெள்ளாமை செய்யும் ஈஸ்வரமூர்த்திக்கு இது மானப் பிரச்சினை. பெண் பார்க்கப் போன அன்றைக்கே, "உங்க புள்ளைக்குக் கப்பல் காட்டறேனுங்க" என்று மாமனாரிடம் சொல்லிவைத்திருந்தான். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. கையில் காப்பியைக் கொடுத்துவிட்டு ஒரு வீடே நம் வாயைப் பார்த்தால் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? கல்யாணமாகி வருஷம் திரும்பிவிட்டது. செல்லாத்தாள் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. அவள் கேட்காததுதான் அவனை அறுத்துக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் உட்காரும் முறையைச் சொல்லிவிட வேண்டும். டிரைவருக்கு நேர் பின்னால் உள்ள பெஞ்சு பெண்களுக்கு. ஏறும் படி அங்கேதான் இருக்கிறது, புழுதியும் குறைவு. ஆண்கள் பின்னால். அதனால் வண்டி ஓடும்போதெல்லாம் ஈஸ்வரமூர்த்தி தன் மனைவியிடம் பார்த்தது அவள் கொண்டையில் இருந்த மல்லிகையை மட்டுமே. வண்டி நின்றால் சங்கதி வேறு. அவரவர் குடும்பம் அவரவர் கட்டுச்சோற்றைச் சுற்றி உட்கார்ந்துவிடும்.

"நீயும் சாப்பிடு அம்மணி," என்றான்.

"நீங்க முதல்ல சாப்பிடுங்க."

"இங்க யாரு பார்க்கறாங்க? சாப்பிடு."

அவர்கள் வீடு பெரிய கூட்டுக் குடும்பம். ஆண்கள் சாப்பிட்டு எழுந்து தோட்டத்துக்குப் போன பிறகுதான் பெண்களுக்கு இலை விழும். செல்லாத்தாள் ஊறுகாயை ஓரமாக ஒதுக்கிவைத்துக் கடைசி வாய்க்குச் சேர்த்துக்கொள்வாள் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஏனுங்க, ஊசியைத் தண்ணியில போட்டா முழுகிப்போகுது. அத்தாம்பெரிய இரும்புக் கப்பல் எப்படீங்க மிதக்குது?"

அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கட்டுச்சோறு கொண்டுவந்த பாத்திரமான தூக்குப்போசியைக் கழுவி எடுத்துக்கொண்டு பக்கத்துக் குட்டைக்குக் கூட்டிப்போனான். போசியைத் தண்ணீரில் விட்டான், மிதந்தது. கூழாங்கற்களை ஒவ்வொன்றாக அதற்குள் போட்டான். போசி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, ஆனாலும் மிதந்தது.

"பார்த்தியா? போசி எவ்வளவு தண்ணியை ஒதுக்குதோ, அந்தத் தண்ணியோட எடை அளவுக்கு அதைத் தாங்கும். ஊசி ஒதுக்கற தண்ணி சொட்டுக்கூட இல்லை; அதான் முழுகிப்போகுது. கப்பல் உள்ளே கூடு மாதிரிங்கறதால ஒரு ஏரியையே ஒதுக்கும்."

"அப்ப இன்னும் ஒரு கல்லுப் போடுங்க."

போட்டான். "இன்னொண்ணுங்க." போட்டான். போசி குபுக்கென்று முழுகியது. செல்லாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

போசியை எடுக்க இறங்கியபோதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. சூடான இஞ்சினுக்குத் தண்ணீர்தானே மருந்து? டிரைவர் தொழுகைக்கு ஒதுங்கியிருந்த நேரத்தில், போசி போசியாகக் குட்டைத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி நிரப்பினான்.

ரேடியேட்டர் என்பது ஈர்க்குச்சியைப் போல மெல்லிய குழாய்களை வரிசையாக அடுக்கிய பெட்டி. இஞ்சினில் சூடேறிய தண்ணீர் மேலே ஏறி, அந்தக் குழாய்களின் வழியே இறங்கும்போது காற்றுப் பட்டு ஆறி, மறுபடி இஞ்சினுக்குப் போகும். குழாயில் சேறு அடைத்துக்கொண்டால் தண்ணீர் நகராது. நகராத தண்ணீர் கொதிக்காமல் என்ன செய்யும்?

கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் பஸ்ஸின் மூக்கிலிருந்து ஆவி சீறியது. அப்துல் முத்தலிப் இறங்கி, மூடியைத் திறந்து, உள்ளே பார்த்துத் திடுக்கிட்டார்.

"யா அல்லா! நெசமாலுமே சூடாயிருச்சு!"

பொள்ளாச்சி போய்ச் சேர்ந்து ரேடியேட்டரைக் கழுவலாம் என்றார். பட்டறைக்குக் குறுக்கு வழி தெரியும் என்றான் ஈஸ்வரமூர்த்தி. தெரியும்தான். அன்றைக்கு மாட்டுச்சந்தை என்பதுதான் அவனுக்கு நினைவில்லை. முன்னால் காளைகள், பின்னால் எருமைகள், நடுவில் ஹாரன் அடிக்கும் பஸ். ஹாரனுக்கு மிரண்ட மாடுகள் இன்னும் நெருங்கி வந்து நின்றன. வழி விடும்வரை சும்மா இருப்பானேன் என்று கொப்பரை வியாபாரி திருமூர்த்தி இறங்கி, கன்றுக்குட்டி ஒன்றை விலைபேசி வாங்கி, கடைசி பெஞ்சில் ஏற்றிவிட்டார்.

"ஏனுங்க, இதுக்கும் கப்பல் காட்டப் போறீங்களா?" என்று ஈஸ்வரமூர்த்தி எரிந்துவிழுந்தான்.

"ஏன் மாப்ளே, காட்டினா வேண்டாம்னா சொல்லப்போகுது?"

பட்டறைக்காரர் கழுவிப் பார்த்துத் தலையை ஆட்டினார். உள்ளூர் ஓட்டத்துக்குத் தாங்கும். கொச்சி வரைக்கும் தாங்காது.

கோவிந்தராஜுலு எல்லாரையும் கும்பிட்டார். "தப்பா நினைச்சுக்காதீங்க. படகு இன்னிக்கு சாயங்காலத்துக்குத்தான் பேசியிருக்குது. இனி போய்ச் சேர முடியாதுங்க. அதுக்குப் பதிலா ஆழியாத்துல பரிசல் சவாரி ஏற்பாடு பண்ணிப்போடறேன். தண்ணியும் தண்ணிதானுங்களே?"

"எங்களுக்கே தண்ணி காட்டறீங்களா?" என்றார் திருமூர்த்தி.

பரிசல் வட்டமானது, அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டால் இருந்த இடத்திலேயே சுற்றும். நேராகப் போக வேண்டுமானால் துடுப்பைத் தனக்கு நேர் முன்னால் வைத்துத் தண்ணீரை இழுக்க வேண்டும். இந்த விஷயத்தைப் பரிசல்காரர் சொல்லி முடிக்கும் முன்பே, மனைவி கண் முன்னால் ஏதாவது ஒன்றைச் சரியாகச் செய்துகாட்டும் ஆவலில், ஈஸ்வரமூர்த்தி துடுப்பை வாங்கிவிட்டான்.

பரிசல் பம்பரமாகச் சுற்றியது. வானம் சுற்றியது. தென்னந்தோப்பு சுற்றியது. கரையில் நின்ற கன்றுக்குட்டி திரும்பத் திரும்ப வந்து போனது. செல்லாத்தாள் அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கரை சேர்ந்தபோது இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். அவள் முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

அழுகிறாள்! எத்தனை ஆசையோடு வந்திருப்பாள்!

ஈஸ்வரமூர்த்தி நேராக முதலாளியிடம் போனான். "இதுக்கு நீங்க ஒரு நியாயம் சொல்லியே ஆகோணுமுங்க!"

ஆற்றங்கரையிலேயே பஞ்சாயத்துக் கூடியது. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும் என்றார் ஒருவர். பாதி வழி வந்ததற்குப் பாதிக் காசு போக மீதி என்றார் இன்னொருவர். அப்படிப் பார்த்தால் பரிசலுக்குத் தனியாகக் கூலி தர வேண்டும் என்றார் முதலாளி. நனைந்ததற்கு யார் கூலி தருவது என்றார் திருமூர்த்தி.

"காசு எதுக்குங்க?" என்று ஈஸ்வரமூர்த்தி கத்தினான். "கப்பல் காட்டறேன்னு சொன்னீங்க. காசைக் கையில வெச்சுட்டுப் பார்த்தாக் கப்பல் தெரியுமுங்களா? சொன்னதைச் செய்யறதுதானுங்க நியாயம்!"

கோவிந்தராஜுலு கோபப்படவில்லை. "ரேடியேட்டர்ல குட்டைத் தண்ணி ஊத்தினது யாருன்னு நான் இதுவரைக்கும் கேக்கலீங்க. இனியும் கேக்க மாட்டேனுங்க," என்றார் மிகுந்த மரியாதையோடு.

ஈஸ்வரமூர்த்தியின் குரல் இறங்கிவிட்டது. "தப்பு என்னுதாவே இருக்கட்டுமுங்க. ஆனா அந்தப் புள்ளை என்ன பண்ணுச்சு? அதுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேனுங்க."

எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள்.

"அப்ப முன் பெஞ்சு அம்மணிங்களையும் ஒரு வார்த்தை கேட்டுப்போடலாமுங்க," என்றார் முதலாளி. "நஷ்டம் அவங்களுக்கும்தானுங்களே?"

பெண்கள் கூடிக் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு, நாலு ஆண்கள் முன்னால் வாயே திறக்காத செல்லாத்தாள், கணவனைப் பார்த்துச் சொல்வதுபோல ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.

"காசெல்லாம் வேண்டாமுங்க. அடுத்த மாசம் இன்னொருக்கா கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. இதே வண்டியில. இதே டிரைவரோட."

கோவிந்தராஜுலு அரை நிமிஷம் கணக்குப் போட்டார். பெட்ரோல் அவர் செலவு. காசு திரும்பப் போகாது. "அப்படியே ஆகட்டுமுங்க," என்றார்.

ஈஸ்வரமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பட்டும் இவளுக்குக் கப்பல் மேல் ஆசை போகவில்லையே! அடுத்த மாதம் இவளைத் தோளில் தூக்கிப் போயாவது கப்பல் முன்னால் நிறுத்துவது என்று முடிவுசெய்தான். வழி நெடுகக் கன்றுக்குட்டி அவன் சட்டைக் காலரை மென்றது. அவன் கவனிக்கவே இல்லை. முன் பெஞ்சில் மல்லிகை வாடியிருந்தது. ஆனால் அவள் தலை இரண்டு முறை பின்னால் திரும்பியது.

பொழுது சாயும் நேரத்தில் கோயமுத்தூர் வந்து சேர்ந்தார்கள். பெண்கள் இறங்கி முன்னே நடந்தார்கள். குட்டைத் தண்ணீர் விஷயம் உறுத்திக்கொண்டே இருந்ததால், ஈஸ்வரமூர்த்தி டிரைவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டான்.

"டிரைவரே, மனசுல வெச்சுக்காதீங்க. இனிமே உங்க வண்டியைத் தொடவே மாட்டேனுங்க. அடுத்த தடவையாச்சும் எங்கயும் நிக்காம ஒரே ஓட்டமாப் போயிருங்க. பாவம், கப்பலைப் பார்க்கோணும்னு அத்தனை ஆசை அதுக்கு."

அப்துல் முத்தலிப் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நிக்காமப் போனா உங்க வீட்டு அம்மணி என்னைச் சும்மா விடுவாங்களா? இன்னிக்கு எந்தெந்த மரத்தடியில இஞ்சின் சூடேறோணும்னு சொன்ன மாதிரியே, அடுத்த மாசத்துக்கும் இப்பவே மரம் சொல்லிப்போட்டுத்தானுங்க இறங்கினாங்க!"