சோடாக்காரர் வைத்த பரீட்சை

எழுபதுகளில் கோவிந்தாபுரத்தில் பிறந்த எந்தக் குழந்தையும் சோடாக்காரரிடம் பரீட்சை எழுதாமல் வளர்ந்ததில்லை. அவருக்குப் பெயர் என்னவோ, ஊருக்கு அவர் சோடாக்காரர். அவர் கடைக்கு எதிர்வீட்டில் நாங்கள் குடியிருந்தோம்.

இடுப்பில் கைக்குழந்தையோடு யாராவது வந்தால் போதும். பின்னால் பதுங்கி வந்து கோலி சோடாவை 'டப்'பென்று உடைப்பார். குழந்தை திரும்பினால், "காது பாஸுங்க" என்பார். என் மூத்தவன் திரும்பியதோடு நில்லாமல் தெருவே கூடும்படி அலறினான்.

"தொண்டையும் பாஸுங்க அம்மிணி."

குப்புற விழ, தவழ, நிற்க, எல்லாவற்றுக்கும் கெடு வைப்பார். கெடு தவறிய பிள்ளைகளின் தகப்பன்மார் அந்தக் கடைப் பக்கம் வராமல் சுற்றுவழியில் போவார்கள்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவருக்கே ஒரு மகள் பிறந்தாள். தலை நின்றதும் பரீட்சை. சோடா உடைந்தது. பாப்பா திரும்பவில்லை. இன்னொன்றை உடைத்தார். அவள் பாட்டுக்கு விரல் சூப்பிக்கொண்டிருந்தாள்.

"சோடாக்கடைக்காரன் புள்ளையாச்சுங்களே. வவுத்துல இருக்கறப்பவே கேட்டுப் பழகிருச்சு" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். அவர் மனைவி சிரிக்கவில்லை.

ஒரு வயது தாண்டியும் பாப்பா 'அம்மா' சொல்லவில்லை.

"ஏனுங்க, கோயமுத்தூர்ல ஒருக்கா காட்டிப்போட்டு வரலாமுங்க," என்று மனைவி கெஞ்சினாள்.

"சும்மா இரு. நான் பேசறதுக்கு நடுவுல அவ எப்படிப் பேசுவா?"

அதற்கும் சிரித்தோம்.

கடைசியில் போனபோது பாப்பாவுக்கு மூன்று வயது. பிறவியிலேயே காது கேட்கவில்லை, கைக்குழந்தையிலேயே கொண்டுவந்திருந்தால் எவ்வளவோ செய்திருக்கலாம் என்றாராம் டாக்டர். பஸ்ஸை விட்டு இறங்கிய சோடாக்காரர் நேரே எங்கள் வாசலுக்கு வந்தார்.

"ஊருப் புள்ளைகளையெல்லாம் பாத்தேன் அம்மிணி. எம் புள்ள திரும்பலீன்னதும் கண்ண மூடிக்கிட்டனுங்க."



அதன்பிறகு அவர் யார் குழந்தைக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. கேட்டு வருகிறவர்களிடம், "எனக்கென்னங்க தெரியும்? சந்தேகம்னா இன்னிக்கே டாக்டர்கிட்டப் போங்க" என்று விரட்டுவார்.

பாப்பா கையாலும் முகத்தாலும் எதையோ சொல்லிக்கொண்டிருப்பாள். அவர் எதிரே குந்தி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வாடிக்கைக்காரர் அவசரப்பட்டால், "கொஞ்சம் இருங்க, பாப்பா பேசிட்டிருக்கறா" என்பார்.

அத்தனை வாயாடி மனுஷன். ஒருவர் பேசுவதை அவரைப் போலப் பொறுமையாகக் கேட்டவரை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.