சிமெண்ட் கேட்ட குழந்தைகள்

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் திடீரென்று ஒரு பேருந்து நிறுத்தம் முளைத்தது. அரசாங்கம் வைத்ததல்ல. கைபிடிச் சாமியின் புகழ் வைத்தது. "சாமி ஸ்டாப் எறங்கு" என்று நடத்துநர் கூவினால் பாதிப் பேருந்து காலி. தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்த அப்பாக்கள், ஆனேக்கல்லிலிருந்து கன்னடக் குடும்பங்கள், ஆந்திரத்துக் குப்பத்திலிருந்து தெலுங்குக் குடும்பங்கள். எல்லார் இடுப்பிலும் ஒரு பிள்ளை. பேச்சு வராத பிள்ளை, நடை வராத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை.

சாமி யாரையும் பேசவைக்கமாட்டார். அதெல்லாம் சில்லறைச் சாமிகளின் வேலை. இவர் எழுதவைப்பார். தாம்பாளத்தில் ராகி மாவைப் பரப்பி, பிள்ளையை மடியில் இருத்தி, அதன் ஆள்காட்டி விரலைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். முக்கால்வாசி மூடுவார். விரல் மாவில் ஓடும். பால்வாடிப் படியைக்கூட மிதிக்காத மூன்று வயதுப் பிள்ளை முத்து முத்தாக எழுதும்: "அம்மா, அழாதே. என் ஆன்மா உன்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறது."

பெற்றவள் அழாமல் என்ன செய்வாள்?

கண்ணைத் துடைப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும்: "சாமிக்குப் பத்து மூட்டை சிமெண்ட்."

அந்த மாதம் எல்லாப் பிள்ளைகளின் ஆன்மாவும் சிமெண்டுக்கே ஏங்கியது. சாமி கட்டிக்கொண்டிருந்த மடத்துக்குக் கூரை போட்டு முடிந்ததும் ஏக்கம் டைல்ஸுக்கு மாறியது. ஒரு பாப்பா மட்டும், குளியலறைக்கு வழுக்காத டைல்ஸ் வேண்டுமென்று குறிப்பாக எழுதியது. ஞானக் குழந்தை.

சாமியின் பழைய பெயர் பரமசிவம். மத்தூரில் சுவர் விளம்பரம் எழுதிப் பிழைத்தவர். ஃபிளெக்ஸ் பேனர் வந்து தூரிகையைப் பிடுங்கிக்கொண்டது. சுவர் போனால் என்ன, விரல்கள் இருக்கின்றனவே!

தக்காளி விவசாயி எல்லப்பனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "சாமி, எங்கூட்ல எல்லாம் தெலுங்குதான். எம் பையன் தமிழே கேட்டதில்ல. இவ்ளோ தமிழ் எப்பிடி எழுதறான்?"

"ஆன்மாவுக்கு மாநில எல்லை கிடையாது."

"அப்ப தெலுங்குலயும் ஒரு வரி எழுதச் சொல்லுங்க."

"அதற்கு அடுத்த பௌர்ணமி வரவேண்டும்."

கூட்டம் "ஆகா" என்றது. பௌர்ணமி என்றால் "ஆகா" என்பது நம் ஊர் வழக்கம்.

அந்தக் கூட்டத்தில்தான் கமலக்கண்ணன் இருந்தார். தொழிற்பேட்டை ஃபேக்டரி ஒன்றில் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர். இயந்திரப் பாகம் தலைமுடி அளவு பிசகினாலும் அளவுகோல் வைத்துக் கண்டுபிடித்து ரிஜெக்ட் தொட்டியில் எறிபவர். சாமியை மட்டும் அளக்காமலே பாஸ் போட்டுவிட்டார். அவருடைய நான்கு வயது மகள் ஸ்வாதிக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அவள் விரல் மாவில் எழுதியது: "நாற்பத்தெட்டு நாள் என்னோடு யாரும் பேசக்கூடாது. பயிற்சிக்கும் போகக்கூடாது."

பயிற்சிக்குப் போய்வந்தவள் அவர் மனைவி ஜெயப்ரியா. ஓசூரில் ஒரு தொண்டு நிறுவனம் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்குச் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடத்தியது. குளிப்பாட்டும்போது என்ன பேசுவது, இரண்டு பொருளைக் காட்டி எப்படித் தேர்ந்தெடுக்கவிடுவது, இவ்வளவுதான் பாடம். அற்புதம் எதுவும் நடக்காத இடம். அதனால் கூட்டமும் இல்லை.

"பாப்பாவே எழுதிக் குடுத்துட்டா, பிரியா. நாப்பத்தெட்டு நாள்தானே?" என்றார் கமலக்கண்ணன்.

"எட்டு மாசமா பேசிப் பேசி, இப்பத்தாங்க தண்ணி வேணும்னு கை காட்றா. நாம வாய மூடிக்கினா அதுவும் போயிடும்."

"நீ என்ன சாமியவிடப் பெரிய ஆளா?"

"ஃபேக்டரில ஒரு பீஸ அளக்காம பாஸ் போடுவீங்களா?"

"அது மெஷின் பீஸு."

"இது நம்ம புள்ள. ஒருக்கா அளந்துடலாம். சாமி தேறிட்டாருன்னா நான் நாப்பத்தெட்டு நாள் வாயே தொறக்கல."

கமலக்கண்ணனுக்கு இரண்டாவது பாதி பிடித்திருந்தது. சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் நெருக்கியடித்தது. ஜெயப்ரியா சாமி காலில் விழுந்தாள். "ஒரே ஒரு ஆசை சாமி. பாப்பாவுக்கு ஒரு படம் காட்றோம். என்ன பாத்தான்னு அவ கையாலயே எழுதட்டும்."

இருநூறு பேர் முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? "காட்டு தாயே" என்றார் சாமி.

புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையைச் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒரு அட்டையைக் காட்டினார்கள். அதைக் கமலக்கண்ணன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திரும்பி வருகையில் ஜெயப்ரியா கையிலிருந்து வேறொரு அட்டை சாமி முன்னால் நழுவி விழுந்தது. பதறியவள்போல் எடுத்து மறைத்தாள். சாமியின் கண் அப்போதும் முக்கால்வாசிதான் மூடியிருந்தது.

ஸ்வாதியின் விரல் மாவில் பாய்ந்தது: "யானை. சானமாவுக் காட்டில் உலவும் கணபதியே காட்சி தந்தார். ஐந்நூறு டைல்ஸ்."

கைதட்டல். ஒரு பாட்டம் குலவை. கமலக்கண்ணன் மட்டும் தட்டவில்லை. பையிலிருந்து அட்டையை எடுத்து உயர்த்தினார். சிவப்பு பஸ்.

"பாப்பா பாத்தது இதைத்தான் சாமி."

"அப்ப யானை?" என்றார் யாரோ.

"அதப் பாத்தவரு சாமி மட்டும்தான்," என்றாள் ஜெயப்ரியா. "பாப்பா கண்ணுல நாங்க காட்டவே இல்ல."

சாமி உறுமினார். "இந்தக் குழந்தை பொய் எழுதுகிறது! பூர்வஜென்மப் பாவம்!"

"பேசாத புள்ள மேலயா பழி போடற?" எல்லப்பன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "மொதல்ல அது கைய விடுய்யா!"

கை விடுபட்டது. ஜெயப்ரியா இரண்டு அட்டைகளையும் தரையில் வைத்தாள். "பாப்பா, அம்மா எதக் காட்னேன்?"

ஸ்வாதி மின்விசிறியைப் பார்த்தாள். விரலில் ஒட்டிய மாவை நக்கினாள். பதறிப்போன கமலக்கண்ணன் மகளின் கையைப் பிடிக்கப் போனார்.

"தொடாதீங்க. பத்து எண்ணுங்க," என்றாள் ஜெயப்ரியா.

இருநூறு பேரும் சேர்ந்து எண்ணினார்கள். ஏழு வந்தபோது சாமி பின்வாசல் பக்கம் நகர்ந்தார். ஒன்பது வந்தபோது ஸ்வாதி மாவுபடிந்த விரலால் பஸ்ஸை முன்னால் தள்ளினாள். சிமெண்ட் கேட்கவில்லை.

கமலக்கண்ணன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். "அடுத்த சனிக்கிழமை எத்தன மணிக்கு வகுப்பு?" என்று மனைவியிடம் கேட்டார்.

கூட்டம் கலையும்போது, இதையெல்லாம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த என் காதருகே ஒரு பெரிய மனிதர் குனிந்தார். "இவன் டூப்பு. நான் அப்பவே நெனச்சேன். சூளகிரில ஒருத்தரு காதுல ஊதறாராமே, அவரு நெஜந்தானே?"

ஸ்வாதி யோசிக்க ஒன்பது போதுமாக இருந்தது. ஐயா, உங்களுக்கு நான் எதுவரைக்கும் எண்ணட்டும்?