வடிவின் கழுத்தும் என் பீர்க்கங்காய் நாரும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த டீச்சரைவிட ஆபத்தான பிராணி குற்றாலத்துக் குரங்குகளில்கூடக் கிடையாது. குரங்கு பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடிவிடும். டீச்சர் நின்று உபதேசமும் செய்வாள். அறுபதுகளின் தொடக்கத்தில் இலஞ்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் அப்படித்தான் இருந்தேன். அந்த இருபத்திரண்டு வயதுக்காரியை இப்போது கையில் கிடைத்தால் நாலு அறை விடுவேன்.

திங்கட்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் சுத்தப் பரிசோதனை. நகம், காது, கழுத்து. எட்டாம் வகுப்பில் சண்முகவடிவு என்றொரு பெண். நல்ல பருமன். மத்தியானச் சாப்பாடு முடிந்தால் கண் சொருகிவிடும். பின்கழுத்தில் கறுப்பாக, தடிப்பாக, வரிவரியாக ஒரு பட்டை. அதற்கு நான் வைத்த பெயர் அழுக்கு. வாராவாரம் அவளை வகுப்பு முன்னால் நிறுத்தி, குளிக்கிற பழக்கம் உண்டா என்று கேட்பேன். (பெரிய நகைச்சுவை என்று நினைப்பு.) பிள்ளைகள் சிரிக்கும். குளித்தேன் என்பாள். பொய்யும் சொல்கிறாள் என்று மனசுக்குள் இன்னொரு கோடு போட்டுக்கொள்வேன்.

ஆனியில் சாரல் பிடித்ததும் பிள்ளைகளை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனோம். மற்ற டீச்சர்கள் புளியோதரை கொண்டுவந்தார்கள். நான் கொண்டுபோனது சீயக்காய், பாசிப்பயறு மாவு, பீர்க்கங்காய் நார், போதாதென்று குதிகால் தேய்க்கிற கல். இத்தனை தண்ணீர் விழுகிற இடத்திலும் போகாத அழுக்கு உண்டா, பார்த்துவிடுகிறேன் என்று கிளம்பியிருந்தேன்.

பெண்கள் பக்கம் ஒரு பாறையில் வடிவை உட்காரவைத்துத் தேய்த்தேன். என் கை வலித்ததே தவிர கறுப்பு அசையவில்லை. குளிக்க வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். ஒருத்தி எலுமிச்சம்பழம் போடச் சொன்னாள். இன்னொருத்தி அடுப்புச் சாம்பல் என்றாள். (சீசனில் அருவியில் தலை நனைக்க இடம் கிடைக்காது, யோசனைக்கு மட்டும் குறைவில்லை.) வடிவு அழவேயில்லை. அதையும் திமிர் என்று எடுத்துக்கொண்டு, பாவி நான், கல்லைக் கையில் எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தோல் வழன்று ரத்தம் கசிந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மங்குஸ்தான் கூடையோடு ஒருத்தி வந்தாள். சீசனில் அங்கே பழம் விற்கிற பேச்சியம்மாள், வடிவின் தாய். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கூடையை இறக்கினாள். மகள் கழுத்தைப் பார்த்தாள். சத்தம் போடப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கொண்டையைத் தூக்கிப் பிடித்தாள். மகளுக்கு இருந்த அதே பட்டை, இன்னும் அகலமாக இருந்தது.

"இங்கனயும் தேய்ங்க டீச்சர். இருவது வருசமா நானும் தேய்க்கேன், போவ மாட்டேங்கு. நீங்க படிச்சவுக."

கல் என் கையிலேயே இருந்தது. அவள் எழுந்து திரும்பினாள்.

"அரைவயிறு தின்னாலும் பிள்ளைக்கு உடம்பு ஊதுது. நாலு மாசமா வீட்டுக்குத் தூரம் ஆவல. என்னன்னு தெரியாம நான் கெடந்து அல்லாடுதேன். படிக்கதுக்குத்தான் இவள அனுப்புனேன், தோல உரிக்கதுக்கு இல்ல. நாளையிலேருந்து வரமாட்டா."

எலுமிச்சம்பழம் சொன்னவளே என்னைப் பார்த்து, நீயெல்லாம் ஒரு டீச்சரா என்று கேட்டாள். நான் குளிக்காமலே ஊர் திரும்பினேன்.

ஒரு வாரம் வடிவு வரவில்லை. எட்டாவதோடு ஒரு பெண் நின்றால் அடுத்த தை மாதம் கல்யாணம் என்று அர்த்தம். என்னால் ஒரு படிப்பு போகிறதே என்று சோறு இறங்கவில்லை. மேலகரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினேன். பேச்சியம்மாள் யோசித்து, ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"இனிமே கழுத்து பாக்கதா இருந்தா, மொதல்ல ஒங்க கழுத்தக் காட்டுங்க."

அடுத்த திங்கட்கிழமை மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் முதுகைக் காட்டி நின்று கொண்டையைத் தூக்கினேன். வேர்வையில் பவுடர் திட்டுத்திட்டாகத் திரண்டிருந்ததாம். முதல் வரிசையே சிரித்தது. ஓய்வு பெறுகிறவரை திங்கட்கிழமைதோறும் இந்தக் கூத்து நடந்தது. இன்றைக்கும் கையைக் கழுவச் சொன்னால் என் பேரன் பேத்திகள், "மொதல்ல ஒங்க கழுத்தக் காட்டுங்க ஆச்சி" என்கிறார்கள்.

வடிவு படித்துத் தென்காசியில் நர்ஸானாள். பேச்சியம்மாளுக்குச் சர்க்கரை முற்றி, காலை எடுத்து, பிறகு உயிரும் போயிற்று. ரொம்ப காலம் கழித்து ஒரு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்து வடிவுதான் விளக்கினாள். இன்சுலின் சுரந்தாலும் உடம்பு அதன் பேச்சைக் கேட்காமல் போகுமாம். சர்க்கரை தலைகாட்டுவதற்குப் பல வருஷம் முன்பே சிலருக்குக் கழுத்து கறுக்கும், உடம்பு போடும், மாதக்கணக்கு தப்பும். அது அழுக்கே இல்லை. வரப்போவதை உடம்பு முன்கூட்டிச் சொன்னது. அதைத்தான் நான் நாரைப் போட்டு அழிக்கப் பார்த்திருக்கிறேன்.

"அந்தக் காலத்துல டாக்டருக்கே தெரியாதே டீச்சர்" என்று வடிவு என்னைத் தேற்றுகிறாள். அவள் போய் என்னைத் தேற்றுகிறாள் என்பதில்தான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. தெரியாது என்றால், தெரியாது என்று சொல்லிவிட்டுக் கல்லைக் கீழே போட்டிருக்கலாம் இல்லையா?